ஆறாவது கிளிப்பு

போன வைகாசியில் என் நைட்டி ஒன்று
அடுத்த தெருத் தறிக்கூடத்து ஓட்டின் மேல்
கைவிரித்துப் படுத்திருந்ததை
அம்மாபேட்டையில் பாதிப் பேர் பார்த்தார்கள்.
மறுநாளே சின்னக்கடை வீதிக்குப் போனேன்.
டஜன் நாற்பது என்றான்.
முப்பத்தைந்துக்கு முடிந்தது.
நீலம் ஏழு, ரோஸ் ஐந்து.
வீட்டுக்கு வந்ததும்
ஒவ்வொன்றின் வாயோரத்திலும்
நகப்பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி.
ஐந்து குடித்தனத்துக்கு ஒரே மொட்டைமாடி.
நம்பிக்கையெல்லாம்
கொடி வரைக்கும்தான்.

எங்கள் மாடியிலிருந்து சேர்வராயன் மலை தெரியும்.
அதன் தலையில் மேகம் உட்கார்ந்தால்
துணி எடுக்கக் கால்மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.
மழை அப்புறம்தான்.
முதலில் காற்று வரும்,
எதைத் தூக்கலாம் என்று பார்த்துக்கொண்டே.

ஆடி முடிந்தபோது எண்ணினேன். ஒன்பது.
ஆவணியில் ஆறு.

சண்டைக்காரி இல்லை நான்.
ஆனால் கணக்கு டியூஷன் எடுக்கிறவள்.
விடை வராத கணக்கோடு
படுத்தால் தூக்கம் வராது.

கீழ்வீட்டு ஷம்ஷாத் அக்காவிடம் இரண்டு இருந்தன.
ஒன்று சேமியா பாக்கெட்டின் கழுத்தைப் பிடித்திருந்தது,
ஒன்று ஜவ்வரிசியை.
"எறும்பும்மா" என்றார்,
எறும்புதான் மாடியேறி எடுத்துவந்தது போல.

மூன்றாவதை யாரும் எடுக்கவில்லை.
எடுத்ததாக யாரும் சொல்லவில்லை.
அது மீட்டர் பெட்டிக்கடியில்
ஐந்து வீட்டுக் கரண்ட் அட்டையையும்
ஒரே கடியில் பிடித்துக்கொண்டு
அரசாங்க வேலையில் இருந்தது.

பின்கட்டுப் பவுன்ராஜுக்குக் கொலுசு வேலை.
ஜோடி மாறிவிடக் கூடாதாம்.
முத்து வைக்காத ஒரு ஜோடி
என் ரோஸ் கிளிப்பில்
சத்தமில்லாமல் தொங்கியது.
"பாலிஷுக்குப் போனதும் தந்துடறேன் டீச்சர்."
வெள்ளியைப் பிடித்துப் பழகிய வாய்
இனி என் உள்பாவாடையைப் பிடிக்குமா,
தெரியவில்லை.

அவர் பையன் நிதர்சன்
சைக்கிள் சக்கரத்தில் ஒரு கிளிப்பு போட்டு
டைமண்ட் ராணியை அதில் மாட்டி
வண்டியை புல்லட் ஆக்கியிருந்தான்.
அதற்கு முன்னால் அதே கிளிப்பை
ஆத்தூர் பஸ்ஸில் மூக்கில் மாட்டிப் பார்த்தானாம்,
சேகோ ஆலை தாண்டும் வரை.
"வாயால மூச்சு விட்டா
நாத்தம் நாக்குல ஏறுது டீச்சர்.
வேஸ்ட்."

ஐந்து வந்துவிட்டது.
ஆறாவதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

முன்னறை பிரேமலீலா அதிகம் பேசமாட்டாள்.
பேங்க் பாரம் ஒன்றை நிரப்பித்தரக் கூப்பிட்டாள்.
நஷ்டஈட்டுப் பணம்.
போன தையில் தறிப்பட்டையில்
வலது கையின் மூன்று விரல் போனது.
எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.
தெரியும் என்பதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டிருந்தோம்.
பெயர், முகவரி, கணக்கு எண்.
இடது கையால் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.
தோளில், முந்தானை மடிப்புக்கு உள்ளே,
நீலம்.
வாயோரத்தில் சிவப்பு.

ஊக்குக்கு இரண்டு கை வேண்டும்.
கிளிப்புக்கு ஒன்று போதும்.
இருபது வருஷமாகப் புடவை கட்டுகிறேன்,
இது எனக்குத் தோன்றியதில்லை.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.
"மாடிப்படியில கெடந்துச்சு டீச்சர்.
பொட்டு வெச்சிருந்துச்சா,
யாரோ சாமிக்கு வெச்சதுன்னு நெனச்சேன்."
"ஆமா" என்றேன்.
எந்தச் சாமி என்று அவள் கேட்கவில்லை.
கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது.
இன்னொரு பாரம் வாங்கிவர வேண்டும்.

அன்று மாலை மலை காணவில்லை.
மேலே ஓடினேன்.
அவளுடைய துணிகள் கொடியில்
முடிச்சுப் போட்டுக் கிடந்தன,
பல்லால் இழுத்த முடிச்சுகள்,
ஈரத்தில் இறுகி.
என் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு
கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு
முடிச்சுகளோடு நின்றேன்.
"எடுக்க வருதா டீச்சர்?"
கீழேயிருந்து கேட்டாள்.
வாயில் ஆறு கிளிப்பு.
ம் என்றேன்.
முதல் துளி
ஓட்டின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.